படம் வந்துச்சு, சேதி வரலியே

பேராண்டி, நீ அனுப்புன படமெல்லாம் வந்து சேர்ந்துச்சு. உன் தங்கச்சி போன ஒண்ணொண்ணாத் தள்ளிக் காட்டினா. மொத்தம் 73. அதுல 69-ல நீதான் நிக்குற. மிச்சம் நாலுல மூணு சோத்துத் தட்டு. ஒண்ணு, கை தவறி எடுத்த உன் செருப்பு. "பையன் என்னா நாடு பாத்தானாம்?"னு உங்க ஆயா கேட்டா. "அவன் மூஞ்சிக்குப் பின்னால கொஞ்சம் நாடு தெரியுது, நல்லாத்தான் இருக்குது"ன்னு சொன்னன்.

கோவிச்சுக்காத. படிக்கப் போனவன் ஊர் சுத்துறானேன்னு உங்கப்பன்தான் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கான். நான் அந்தக் கட்சி இல்ல. சுத்துடா. முட்டி நல்லா இருக்கறப்பவே சுத்தணும். என் வழக்கு வேற. இங்க வாரச் சந்தைக்குப் போயிட்டு வந்தவனையே திண்ணையில ஒக்கார வச்சு, "என்னா சேதி?"ன்னு கேப்பம். மாடு என்னா வெலைக்குப் போச்சு, எந்தப் பக்கம் மழ, யாரு வூட்டுல கண்ணாலம்னு ஒரு மணி நேரம் சொல்லுவான். நீ மூணு தேசம் போயிட்டு வந்து, "செம்மயா இருந்துச்சு தாத்தா"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுட்ட. அதுக்கு நான் என்னாத்த பதில் சொல்லுவன்?

அந்த அருவிய எடுத்துக்க. சுவிச்சர்லாந்துல ரைன் அருவி. ஐரோப்பாவுலயே பெரிசுன்னு தம்பட்டம் அடிச்ச. உயரம் 23 மீட்டர்தானாம், உன் தங்கச்சி போன்ல தட்டிப் படிச்சுக் காட்டினா. நம்ம கொல்லையில நிக்கிற பழந்தென்னைய விட ஒரு மட்டை கூட இருக்கும். ஆனா அகலம் 150 மீட்டராம். அதான் பெரிசு. சரி, தண்ணி எங்கேர்ந்து வருது, எந்த மாசம் நெறய வருதுன்னு கேட்டன். "அருவின்னா தண்ணி வரும் தாத்தா"ன்னுட்ட. பட்டப் படிப்பு முடிச்சு மேல்படிப்புக்குப் போன பையன்!

நான் சொல்றன் கேளு. நம்ம பெரியார் அருவிய உனக்குத் தெரியுமில்ல? கச்சிராயபாளையத்துலேர்ந்து வெள்ளிமலைக்கு ஏறுறப்ப ரோட்டோரமா விழுதே, அது. ஐப்பசி கார்த்திகையில கிட்டப் போவ முடியாது, அப்பிடி எரையும். சித்திரையில போனா பாறை மேல நூல் இழுத்த மாதிரி வழியும். மழைய நம்பிப் பொழைக்கிற அருவி. ரைன் அப்பிடி இல்ல. பனிமலை உருகி, பெரிய ஏரி ஒண்ணுல எறங்கி, அங்கேர்ந்து வருதாம். அதனால வெயில் காலத்துலதான் அதுக்கு வெள்ளம். கோடையில ஒரு நொடிக்கு ஏறக்குறைய 6 லட்சம் லிட்டர் விழுமாம், குளிர் காலத்துல அதுல பாதி கூட கெடயாதாம். நம்ம அருவி காயுற மாசத்துல அவங்க அருவிக்குத் திருவிழா! இது எப்பேர்ப்பட்ட சேதி. இத வச்சு நான் டீக்கடையில ஒரு வாரம் ஓட்டியிருப்பன். நீ அங்க நின்னு ரெண்டு வெரலத் தூக்கிக் காட்டிட்டு வந்திருக்க.

கொலோன் ஊர்ல இருக்குற மாதா கோயிலுக்கு வருவம். 533 படி ஏறிட்டன்னு பெருமையா சொன்ன. திருக்கோவிலூர் கோபுரத்த அண்ணாந்து பாத்ததுக்கே கழுத்து வலிக்குதுன்ன பய நீ. சந்தோசம். ஆனா அந்தக் கோயில்ல ருசியான சங்கதி படியில இல்லடா. 1248-ல கடக்கால் போட்டு 1880-லதான் முடிச்சிருக்காங்க. 632 வருசம்! நடுவுல காசு இல்லாம வேலய நிறுத்திட்டாங்க. பாதியில நின்ன கோபுரத்து உச்சியில, கல்லு தூக்குற மர யந்திரம் ஒண்ணு நூத்துக்கணக்கான வருசம் அப்பிடியே நின்னுச்சாம். ஊர்க்காரங்களுக்கு அதுவே அடையாளமாப் போச்சு. நம்ம தெரு முக்குல சாக்கடப் பாலம் மூணு வருசமாக் கம்பிய நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு தெனம் ஒரு மனு எழுதினன். இந்தக் கத கேட்டதுலேர்ந்து நிறுத்திட்டன். இன்னும் 629 வருசம் டயம் இருக்குது.

பாரிசுல மோனலிசாவப் பாத்தன்னு அனுப்புன படத்துல 40 மண்டை தெரியுது, அந்தப் பொம்பள தெரியல. போனாப் போவுது.

பவேரியாவுல மலை மேல ஒரு வெள்ளக் கோட்டை, பேரு வாயில நுழையல. தங்கச்சி நாலு தரம் சொல்லிக் குடுத்தா, நொய்ஷ்வான்ஸ்டைன். அதுக்குள்ள படம் புடிக்கக் கூடாதாமே? அதான் உள்ள என்னா இருந்துச்சுன்னு கேட்டா முழிக்கிற. லுட்விக்குன்னு ஒரு ராசா 1869-ல ஆரம்பிச்சு, கடன் மேல கடன் வாங்கிக் கட்டினான். 1886-ல புத்தி சரியில்லன்னு பட்டத்துலேர்ந்து எறக்குனாங்க. சில நாள்லயே ஏரியில பொணமாக் கெடந்தான். அந்த வருசமே கோட்டையத் தெறந்து டிக்கெட்டு போட்டுட்டாங்க. அவன் ஒளிஞ்சு வாழக் கட்டுன எடத்துல இப்ப நீ ஐஸ்கிரீம் திங்குற.

ராசா கதய வழிகாட்டி சொல்லியிருப்பான். அந்த மலைக்குக் கல்லச் சுமந்தது யாரு, கூலி என்னான்னு கேட்டியா? நான் ஏன் கேக்குறன்னா, நம்ம கல்வராயன் மலையிலயும் மூணு ஜாகீர் இருந்துச்சு. வெள்ளக்காரன் போன பின்னாலயும் ஜாகீர்தாருங்க வச்சதுதான் சட்டம். மலையில வாழுற மலையாளிச் சனம் அந்த ஜாகீர்தாருங்க நெலத்துல கூலி இல்லாம வேல செய்யணும். 1976-லதான் ஒழிஞ்சுது. எனக்கு அப்ப கல்யாணம் ஆயிடுச்சு, அவ்ளோ கிட்டத்துக் கத. கடுக்கா, புளி, தேனுன்னு தலையில சுமந்துக்கிட்டு எறங்கி வருவாங்க, எடையில ஏமாத்துறதுக்குன்னே கீழ ஆளு காத்திருப்பான். கோட்டைய மட்டும் பாத்தா இதெல்லாம் தெரியாதுடா. சுமந்தவன் பேரன் எங்கியாவது பக்கத்துல கடை வச்சிருப்பான், அவன்கிட்டப் பேச்சுக் குடுக்கணும்.

ரயில் கதய நீ மறச்சாலும் உன் சிநேகிதன் சொல்லிட்டான். மாசம் பூரா நாட்டச் சுத்துற சலுகைச் சீட்டு வச்சிருந்தியாம். அது பாசஞ்சர் வண்டிக்கு மட்டும்தான் செல்லுமாம். தொர வேக வண்டியில ஏறி ஒக்காந்து, 60 யூரோ தண்டம் கட்டுனியாம். டவுன் பஸ் பாசை வச்சுக்கிட்டு சென்னை பஸ்ல ஏறுன கதையா இருக்குது. இருக்கட்டும், அது ஒண்ணுதான் நீ கொண்டாந்த நெஜமான சேதி. அத மறைக்கப் பாத்த பாரு!

இன்னொண்ணும் நல்ல சேதிதான். தண்ணி பாட்டிலு வாங்குனா உள்ள சோடா இருந்துச்சுன்னியே, அதுக்கு நாங்க எல்லாரும் சிரிச்சம். காலி பாட்டிலக் கடை யந்திரத்துல போட்டா 25 சென்ட் திருப்பித் தருதுன்னதும் உங்க ஆயா எழுந்து ஒக்காந்துட்டா. கோலி சோடா பாட்டில திருப்பிக் குடுத்துக் காசு வாங்குன கை அது. "அங்க ரோட்டுல பாட்டிலு கெடக்குமா?"ன்னு ரெண்டு தரம் கேட்டா. விசா எடுக்க எவ்ளோ ஆவும்னு பாத்து வையி.

அதனால சொல்றன். அடுத்த தரம் போறப்ப, ஊருக்கு ஒரே ஒரு ஆளப் புடி. பாட்டி கெடச்சா நல்லது, அவங்களுக்குத்தான் நேரமும் இருக்கும் கொறையும் இருக்கும். பால் என்னா வெல, மழ எப்ப, பிள்ளைங்க எங்கன்னு கேளு. பாஷ தெரியாதுன்னு சாக்கு சொல்லாத. வெல கேக்குறதுக்கும் கொற கேக்குறதுக்கும் கையும் தலையும் போதும். ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் சாத்திட்டான், பட்டினி கெடந்தன்னியே, அன்னிக்கு அப்பிடி ஒரு பாட்டி கெடச்சிருந்தா சோறும் கெடச்சிருக்கும்.

இவ்ளோவும் போன்ல பேசிப் பதிவு பண்ணி முடிச்சு மீசையத் தடவிக்கிட்டு இருந்தன். அடுப்படியிலேர்ந்து உங்க ஆயா கேட்டா: "மலை அடிவாரத்துலயே பொறந்து 78 வயசாச்சே, மேகம் அருவிய எப்பப் பாத்தீங்க?"

பெரியார் அருவிக்கு பஸ் போவுது, போயிருக்கன். மேகத்துக்குக் காட்டுக்குள்ள நடக்கணும். இந்த வருசம், அடுத்த வருசம்னு தள்ளிப் போயிடுச்சு. இப்ப முட்டி ஒத்துழைக்கல. உன் தங்கச்சி இதையும் பதிவு பண்ணிட்டா போல, சிரிக்கிறா. இந்தக் கடைசித் துண்ட மட்டும் உங்கப்பனுக்கு அனுப்பிடாத. லீவுல வந்தா நீ மட்டும் ஒரு நடை மேகத்துக்குப் போயிட்டு வா. வந்து திண்ணையில ஒக்காந்து எனக்குச் சொல்லு, நான் டீக்கடையில நேர்ல பாத்த மாதிரி சொல்லிக்கிறன்.