பார்த்தா தெரியக்கூடாது

மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்துவிட்டால் நம் கம்பெனிகளுக்கு அவர்கள் மேல் பாசம் பொங்கி வழியும். காலையிலேயே எல்லார் மெயிலுக்கும் ஒரு வாழ்த்து. வாசகம் முழுக்கப் படத்துக்குள் அச்சாகியிருக்கும். பார்வையற்ற ஊழியருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதைத் தடவிப் பார்த்து, 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகரும். வாழ்த்து அவருக்குத்தானாம்!

ஆள் எடுப்பதிலும் அப்படியொரு பரந்த மனசு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மனிதவளத் துறைக்கு அதில் ஒன்றே போதும்: "40 சதவீதக் குறைபாடுன்னு சர்ட்டிபிகேட் இருக்கணும், ஆனா பார்த்தா தெரியக்கூடாது." சக்கர நாற்காலியா? ஐயோ, பாத்ரூமை இடிக்கணுமே.

தப்பித் தவறி உள்ளே வந்தவர் கதை இன்னும் மோசம். காது கேளாத ஒரு பெண். அவருடைய டீம் லீடர், எல்லாரையும் அரவணைத்து வழிநடத்துவது எப்படி என்று நட்சத்திர ஓட்டலில் பயிற்சி பெற்றுத் திரும்பிய மகான். தினசரி வீடியோ மீட்டிங்கில் ஒரு பொத்தானைத் தட்டினால் பேச்சு எழுத்தாக ஓடும். "ஸ்கிரீன்ல இடத்தை அடைக்குது" என்று அணைத்துவிடுவார். சைகை மொழிபெயர்ப்பாளருக்கு பட்ஜெட் கிடையாது. கேக் வெட்ட உண்டு. "முக்கியமா ஏதாவது இருந்தா அப்புறம் சொல்றேம்மா" என்பதையும் வாயசைவில்தான் சொல்வார், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. வருஷம் பூரா அந்த 'அப்புறம்' வராது. அப்ரைசலில் மட்டும் தவறாமல் எழுதுவார்: 'தகவல் பரிமாற்றத் திறன் போதாது.' இன்கிரிமென்ட்டில் வெட்டு. யார் திறனைப் பற்றி யார் எழுதுவது? கூசவேண்டாமா!

சட்டம் இருக்கிறதே, புகார் செய்யலாமே என்பீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வகுத்து மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் பதியவேண்டும் என்கிறது சட்டம். வகுத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ நகலெடுத்து, ஸ்கேன் செய்து, எந்த ஸ்கிரீன் ரீடரும் படிக்க முடியாத பிடிஎப்பாகப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். சட்டத்தை மீறினால் முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். டிசம்பர் 3 மேடைக்குப் பூ அலங்காரம், பொன்னாடை, போட்டோகிராபர் எல்லாம் சேர்த்தால் அதைத் தாண்டிவிடும். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. எந்தக் கம்பெனி நடுங்கும்?

அப்படியே ஒருநாள் கட்ட நேர்ந்தாலும், அந்த ரசீதைச் சமூகப் பொறுப்புச் செலவில் எழுதிவிட்டு, அதற்கும் ஒரு விருது வாங்கி வருவார்கள், புண்ணியவான்கள்.