ஒலியதிகாரம்: பெட்டியியல் மூலமும் உரையும்

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கப் புறப்படுவோர் பொருட்டு எழுந்தது இந்நூல். பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பது பவணந்தியார் காலத்திலேயே தீர்ந்துபோன வழக்கு. ஆகவே அதைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். நூல் வழங்கும் எல்லை: வடக்கே டிவி ஸ்டாண்டு, தெற்கே சமையலறைக் கதவு. நுதலிய பொருள்: எதை வாங்குவது, எதை வாங்காமல் திரும்புவது. கேட்போர்: விரும்பிக் கேட்பவர் ஒருவர்; விரும்பாமல் கேட்பவர் மேல்வீட்டார், கீழ்வீட்டார், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எனப் பலர். பயன்: பணம் மிஞ்சுதல். ஆக்கியோன் பெயர் குடும்ப அமைதி கருதி விடப்பட்டது.

நூற்பா 1
பெட்டியும் பெருக்கியும் கொள்வோர் முன்னர்
அறையும் அயலும் அறிதல் வேண்டும்.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியதை உணர்த்துதல் நுதலிற்று. பெட்டி ஸ்பீக்கர், பெருக்கி ஆம்ப்ளிஃபயர். அயலைப் பற்றிப் புறனடையில் கூறுதும். அறையை இங்கே காண்க.

நம் ஊரில் படுக்கையறை என்றால் பத்துக்குப் பத்து. தளத்தின் உயரமும் ஏறக்குறையப் பத்தடி. மேஸ்திரிக்கு இது வசதி. ஒலிக்கு இதைவிடக் கேடான அறையைக் கட்டுவது கடினம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓசை போய்த் திரும்பும்போது, அந்த இடைவெளிக்குப் பொருந்திய சுரம் மட்டும் தங்கிப் பெருக்கும். பத்தடிக்கு அது ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தாக இருந்தால் மூன்றும் அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தியை விரல் அழுத்தாமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். ஆகவே இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் இறங்கி வரும்போது அந்த ஒரு சுரத்தில் மட்டும் இரும்பு பீரோவின் கைப்பிடி முனகும், ஷோகேஸில் இருக்கும் தஞ்சாவூர்ப் பொம்மை தலையாட்டும். அடுத்த சுரம் மெலிந்துவிடும். ஸ்பீக்கர்தான் சரியில்லை என்று வீட்டுக்காரர் அதை மாற்றுவார். புதிய ஸ்பீக்கரும் அதே சுரத்தில் அதே பொம்மையை ஆட்டும்.

கீழே வழவழவென்று டைல்ஸ், நாற்புறமும் பூசிய சுவர், மேலே கான்கிரீட். ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'ட்ர்ர்' என்று ஓர் எதிரொலி படபடத்து அடங்கும். இதற்கு மருந்து மலிவு: பவானி ஜமுக்காளம் ஒன்று, கனத்த திரைச்சீலை, புத்தகம் நிரம்பிய அலமாரி. ஆனால் ஜமுக்காளம் மேல்சுரங்களைத்தான் அடக்கும். அந்த 56 ஹெர்ட்ஸ் பூதத்தை ஓட்ட ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்திப் பார்ப்பதே வழி. மூலையில் வைத்தால் பேஸ் ஊதிப்போகும்; சுவரைவிட்டு ஓரடி, இரண்டடி முன்னே இழுத்தால் தெளியும். பரண்மேல் வைப்பாரும் உளர். அவர் பல்லிக்குப் பாட்டுப் போடுகிறார் எனக் கொள்க. மேல்சுரம் பாடும் ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவர் காதின் உயரத்தில் இருக்க வேண்டும். மேல்சுரம் நேரே போவது, வளைந்து ஆளைத் தேடி வராது.

நூற்பா 2
அட்டைமேல் எழுதிய வாட்டெலாம் வாட்டல;
தொடர்ந்து தருவதே வாட்டெனப் படுமே.

பி.எம்.பி.ஓ. என்றோர் வாட் அளவு தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் பெட்டிகளின் நெற்றியில் வாழ்ந்தது. அதற்குப் பொதுவாக ஒப்புக்கொண்ட தர அளவு எதுவும் கிடையாது. எழுதுகிறவர் மனம்போல எண் வளரும். 3000 என்று எழுதியிருந்ததாகக் கொள்வோம். இதை மறுக்க ஆய்வகம் வேண்டா, வீட்டுச் சுவர் போதும். 5 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1150 வாட்டுக்கு மேல் எடுக்க இடமில்லை. 750 வாட் மிக்சி நான்கு ஒருசேர ஓடினால்தான் 3000 ஆகும். அத்தனையையும் ஒரு மெல்லிய வயர் வழியே இழுத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டி அமைதியாகப் பாடுமா என்க. அதே பெட்டியின் முதுகைத் திருப்பினால், எடுக்கும் மின்சாரம் இரண்டிலக்க எண்ணாக அடக்கமாய் அச்சிட்டிருக்கும். நெற்றியும் முதுகும் மாறுபட்டால் முதுகே கொள்ளப்படும்.

அமெரிக்காவிலும் இந்நோய் இருந்தது. 1974-இல் அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி செய்தது. ஆம்ப்ளிஃபயரை மூன்றில் ஒரு பங்கு ஆற்றலில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும்; அதன்பின் அது தொடர்ந்து தரும் வாட் எவ்வளவு, எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவோடு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் சொல்லாத எண்ணை எண்ணாகக் கொள்ளற்க.

சென்னை ரிச்சி தெருவின் அசெம்பிள் செட்டுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் 4440 ஐசியை எடுத்துக்காட்டாகக் கொள்க. சான்யோ செய்த அந்த ஐசியை ஸ்டீரியோவாகக் கட்டினால் பக்கத்துக்கு 6 வாட். இரு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரிட்ஜாகக் கட்டினால் 19 வாட். அதை உள்ளே வைத்துவிட்டு வெளியே 200 என்று ஸ்டிக்கர் ஒட்டும் மரபும் உண்டு. ஆயினும் அந்த 6 வாட்டில்தான் டீக்கடையும் சலூனும் மினிபஸ்ஸும் பாடின. அஃது எப்படி எனின், அடுத்த நூற்பா காண்க.

நூற்பா 3
ஓசை இரட்டப் பதின்மடங் கென்ப.

காதுக்கு ஓசை இரட்டிப்பாகத் தோன்ற ஆற்றல் பத்து மடங்கு வேண்டும் என்றவாறு. 50 வாட் ஆம்ப்பை விற்றுவிட்டு 100 வாட் வாங்கியவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபல். வால்யூமைக் கொஞ்சம் திருகிய வேறுபாடு, அவ்வளவுதான். அதே 3 டெசிபலை, சென்சிடிவிட்டி 87-க்குப் பதில் 90 உள்ள ஸ்பீக்கர் பழைய ஆம்ப்பிலேயே தந்துவிடும். சென்சிடிவிட்டி ஆவது, ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. கடைக்காரர் தாமாகச் சொல்லாத எண் இது. கேட்டு வாங்குக.

87 என்று போட்ட ஜோடிக்குப் பக்கத்துக்கு ஒரு வாட் கொடுத்துப் பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால், சாதாரண ஹாலில் காதுக்கு 80 டெசிபல் அளவுக்கு வந்து சேரும். இருவர் பேசிக்கொள்ளும் குரல் 60-ஐ ஒட்டியது. ஆக, நாம் வீட்டில் கேட்பதில் பெரும்பங்கு முதல் வாட்டிலேயே முடிந்துபோகிறது. எஞ்சிய வாட் எதற்கு எனின், தவிலில் விழும் அடிக்கு. கண்ணிமைக்கும் நேரமே நிற்கும் அந்த உச்சத்துக்குப் பத்து மடங்கும், சிலபோது அதற்கு மேலும் வேண்டும். ஆதலால் மெய்யான 30 முதல் 50 வாட் ஒரு ஹாலுக்குச் சாலும்.

அஃதேல், சின்ன ஆம்ப்பை முழுக்கத் திருகி ஓட்டலாமே எனின், அற்றன்று. தாங்காத ஆம்ப் அலையின் முடியைச் சிரைத்து அனுப்பும். சிரைத்த அலையில் பாட்டில் இல்லாத மேல்சுரங்கள் முளைக்கும். அவை ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருளைச் சுட்டுவிடும். ஓம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவோம். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் சேர்த்தால் 4 ஓம். நான்கைச் சேர்த்தால் 2 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப் தர வேண்டிய மின்னோட்டம் ஏறும். வீட்டு விசேஷத்தன்று மாடிக்கும் வாசலுக்கும் வயர் இழுத்தவர்களின் ஆம்ப் பந்தி தொடங்குமுன் புகைந்தது இந்தக் கணக்கினாலே.

நூற்பா 4
பானையும் பெட்டி ஆதலும் உரித்தே.

இது சிறப்பு விதி. கழற்றிய கார் ஸ்பீக்கரையோ பழைய டேப் ரெக்கார்டர் ஸ்பீக்கரையோ மண்பானை வாயில் பொருத்தித் திண்ணையில் வைத்துப் பாட்டுக் கேட்ட இளைஞர்களை நம் கிராமங்களில் பலரும் கண்டிருப்பர். முந்தைய உரைகாரர்கள் இதை வறுமையின்பாற்படுத்தி விட்டுவிட்டார்கள். அது பொருந்தாது. என்னை? ஸ்பீக்கரின் கூம்பு முன்னே காற்றை நெருக்கும்போது பின்னே காற்று தளர்கிறது. முன்னலையும் பின்னலையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். மேல்சுரங்கள் தத்தம் வழியே போய்விடும். தாழ்சுரங்களோ விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கையில் பிடித்த வெறும் ஸ்பீக்கரில் கீச்சொலி மட்டும் வருவது இதனாலே. முன்னையும் பின்னையும் பிரித்து வைப்பதே பெட்டியின் முதல் தொழில். அதைத் தேக்குமரமும் செய்யும், பானையும் செய்யும்.

பானையின் வாய் இடைவெளியின்றி மூடியிருந்தால் அது மூடிய பெட்டி. எட்கர் வில்சர் என்னும் அமெரிக்கர் 1954-இல் ஏஆர்-1 ஸ்பீக்கரில், அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி, சிறிய பெட்டியில் பெரிய பேஸ் வரச் செய்தது இவ்வகை. அளவாக ஓர் ஓட்டை விட்டிருந்தால் அது பேஸ் ரிஃப்ளெக்ஸ். பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-இல் காப்புரிமை பெற்றது. பானை கீழே விழுந்து உண்டான ஓட்டைக்கு இலக்கணம் இல்லை.

வடிவத்துக்கு வருவோம். ஆர்சிஏ நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் 1950-களின் தொடக்கத்தில் கோளம், கனசதுரம், உருளை, கூம்பு எனப் பல வடிவங்களில் ஸ்பீக்கரைப் பொருத்தி அளந்து பார்த்தார். மிகச் சீராக ஒலித்தது கோளம். கூரிய விளிம்பில் ஒலி முட்டிச் சிதறும். உருண்டையில் முட்டுவதற்கு விளிம்பே இல்லை. திண்ணை இளைஞர் ஓல்சனைப் படித்தாரில்லை. குயவர் சக்கரம் அவருக்குப் பதிலாகப் படித்திருந்தது.

எந்தப் பானை என்னும் வினாவில் கருத்து வேறுபாடு உண்டு. கடம்போலக் கணீரென்று ஒலிப்பதே சிறந்தது என்பாரும் உளர். அவர் மானாமதுரைக் கடத்தை நினைத்துக் கூறினார். கடத்துக்கு அதுவே அழகு. பெட்டிக்கு அதுவே குற்றம். பெட்டி பாட்டைத் தாங்க வேண்டுமே தவிர உடன்பாடக் கூடாது. கணீர்ப் பானையில் ஸ்பீக்கர் வைப்பது, கேட்காமலே வந்த பக்கவாத்தியக்காரரை மேடையேற்றுவது. விரல் மடக்கித் தட்டினால் 'தொப்' என்று அடங்கும் தடித்த பானையே உரியது. கடையில் இருக்கும் மரப்பெட்டியையும் இவ்வாறே பக்கவாட்டில் தட்டிப் பார்க்க. மெல்லிய பலகை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நூற்பா 5
பெரும்பொருள் பெட்டிக்கு, எஞ்சிய பிறவே.

இருக்கும் பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குக என்றவாறு. இன்றைய ஒழுங்கான ஆம்ப் ஒன்றில் சிதைவு 0.1 சதவீதத்துக்கும் கீழே நிற்கும். ஸ்பீக்கரிலோ தாழ்சுரத்தில் சற்று உரக்கப் போனாலே அது பல மடங்காகிவிடும். பாட்டின் குணத்தை மாற்றுவது ஸ்பீக்கரும் அறையுமே. ஆம்ப் நல்லதாக வாங்கிவிடுங்கள், ஸ்பீக்கர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உரைக்கும் கடைக்காரரும் உளர். அவர் கடையில் ஆம்ப் மிகுந்து கிடத்தலின் அவ்வாறு கூறினார். அஃது உரையன்மை உணர்க. வால்வு ஆம்ப் பிரியர்களோடு இந்நூல் வாதிடாது. அந்தச் செம்மஞ்சள் வெளிச்சத்துக்காக மட்டுமே ஒருவர் வாங்கினாலும் அது நியாயமான காரணமே. ஒன்று மட்டும் நினைவில் கொள்க: 20,000 ஹெர்ட்ஸ் வரை பாடும் ட்வீட்டரை வாங்கும் சம்பளம் வருவதற்குள் காது அந்த உயரத்தைக் கைவிட்டிருக்கும்.

நூற்பா 6
கம்பியின் பெருமை விற்போன் மேற்றே.

2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் மின்தடை 0.1 ஓமுக்கும் குறைவு. 8 ஓம் ஸ்பீக்கர் முன் அது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. எலக்ட்ரீஷியன் மிச்சம் வைத்துவிட்டுப் போன சுருளே சாலும். சிவப்பு முனையும் கறுப்பு முனையும் ஒரு பக்கம் மட்டும் மாறிவிடாமல் பார்க்க. மாறினால் இரண்டு ஸ்பீக்கரும் எதிரெதிராகத் தள்ளி, பேஸ் காணாமற்போகும். பிற வெளிப்படை.

நூற்பா 7
கண்ணாற் கேட்டலும் உலகத் தியல்பே.

இது மெய்ப்பிக்கப்பட்டது. 1994-இல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஹார்மன் நிறுவனத்தில் 40 பேரைக் கொண்டு, அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னே வைத்தும் கண்ணெதிரே வைத்தும் கேட்கச் செய்தார்கள். கண்ணெதிரே வைத்தபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது, சின்னஞ்சிறு மலிவான செட்டுக்கு இறங்கியது. திரை போட்டதும் அந்த வேறுபாடு சுருங்கிவிட்டது. கேட்டவர்களோ அந்நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர்கள்.

நம் கடைகளில் திரை போட மாட்டார்கள். மாறாக, "பேஸ் கேட்டீங்கல்ல சார், நெஞ்சுல வந்து அடிக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைத் தட்டுவார்கள். இரண்டு ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போடும்போது ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், 'இது சத்தம் கூட' என்று காது சொல்லாது; 'இது நல்லா இருக்கு' என்றே சொல்லும். எனவே இரண்டையும் ஒரே அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் போடும் டெமோ பாட்டு வேண்டா. வரிக்கு வரி உங்களுக்குத் தெரிந்த பாட்டை எடுத்துப் போங்கள். அதில் பாடகர் மூச்சு வாங்குவது எங்கே என்று உங்களுக்குத் தெரியும். அது கேட்கிறதா பாருங்கள்.

புறனடை
இரவு பத்தின்மேல் இந்நூல் செல்லாது.

மேற்கூறிய அனைத்துக்கும் இது புறனடை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ட்வீட்டரின் ஒலியைச் சுவர் பெரிதும் தடுத்துவிடும். தாழ்சுரம் பாடும் சப்-ஊஃபரின் ஒலியைத் தடுக்காது. உங்களுக்குப் பாட்டு முழுதும் கேட்கும். கீழ்வீட்டாருக்கு 'தும் தும்' மட்டும் போய்ச் சேரும். ஆகவே சப்-ஊஃபர் வாங்கியவர்கள் அதைத் துணியால் துடைத்து வைத்ததும் ஒரு வேலை செய்யவும். பாட்டைப் போட்டுவிட்டு, கீழ்வீட்டு அழைப்பு மணியை அடித்து, அனுமதி கேட்டு, அவர்கள் ஹாலில் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். பிறகு மேலே வந்து குமிழைக் குறையுங்கள்.