கடலுக்கு முதுகு காட்டிய கட்டுரை

சிதம்பரத்தில் ஒரு கட்டுரைப் போட்டிக்கு என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். சால்வை போர்த்திய கையைக் கடிக்கக் கூடாது என்பது தமிழ் எழுத்தாளனின் கற்பு. தலைப்பு: 'நான் சென்ற இன்பச் சுற்றுலா'.

கடலூரிலிருந்து வந்திருந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடற்கரைக்குப் போய்வந்த கதையை எழுதியிருந்தாள். அம்மா புளியோதரை கட்டிக்கொடுத்தார். பேருந்தில் ஆடிப்பாடிச் சென்றனர். நீலக்கடலைக் கண்டதும் உள்ளம் துள்ளியது. அலைகள் வா வா என்று அழைத்தன. நடுவே இரண்டு மேற்கோள், பச்சை மையில் அடிக்கோடு, கடைசியில் சுற்றுலா அறிவை வளர்க்கும் என்று ஒரு முடிவுரை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

கூப்பிட்டு, எந்த ஊரும்மா என்று கேட்டேன்.

"தேவனாம்பட்டினம் சார்."

"கடல் உங்க வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம்?"

"வீட்டுக்குப் பின்னாடிதான் சார்."

"அப்புறம் எந்தக் கடலைப் பார்க்க பஸ் ஏறினே?"

வெட்கப்பட்டுச் சிரித்தாள். "நோட்ஸ்ல அப்படித்தான் சார் இருக்கு."

பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கொண்டல் எது, கச்சான் எது என்று காற்றைப் பிரித்துச் சொன்னாள். ஏலத்தில் கவலை மீன் விலை எப்படிச் சரியும் என்றாள். சுருக்குமடி வலைக்கு அனுமதி கேட்டு ஊர் திரண்ட நாளைச் சொன்னாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலத்தின் 61 நாளும், விசைப்படகு கரையில் கிடக்க அப்பா யாரோடும் பேசாமல் இருப்பதைச் சொன்னாள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையைப் பற்றி அவள் ஆயா இன்னும் தூக்கத்தில் உளறுகிறாளாம். இவ்வளவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை தாளில் எழுதியது, புளியோதரை.

"இதையெல்லாம் ஏம்மா எழுதலே?"

"மார்க் போயிடும் சார்."

அவள் பொய் சொல்லவில்லை. போகும். நம் பள்ளிகளில் கட்டுரை என்றால் யாரோ ஒருவருடைய அனுபவத்தை எல்லாருமாகச் சேர்ந்து மனப்பாடம் செய்வது. அவள் சிதம்பரம் வந்த பேருந்து குடிகாடு சிப்காட் ஆலைகளைத் தாண்டித்தான் வந்திருக்கும்; பழக்கப்பட்ட கை தானாக மூக்குக்குப் போயிருக்கும். ஆனால் 'சுற்றுச்சூழல் மாசு' என்று கேட்டால் அவள் எழுதப்போவது குண்டூசி குத்தினாற்போல நான்கு உட்தலைப்பு. அதில் கடலூர் இருக்காது. 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பத்துப் பிள்ளையும் 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்றுதான் எழுத வேண்டும். பெற்ற மழை போதாதாம்.

வினாத்தாள் தயாரித்தவரை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். பத்தாம் வகுப்புத் தமிழில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்றொரு கேள்வி வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார், தோன்றுவதை எழுது. இதைவிட நல்ல எழுத்துப் பயிற்சி உண்டா? நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? எந்தப் படத்துக்கும் பொருந்துகிற ஒரே கவிதையை ஆகஸ்டிலேயே உருப்போட வைத்துவிடுகிறார்கள். படத்தில் உழவர் இருந்தாலும் அதுதான், நூலகம் இருந்தாலும் அதுதான். காட்சியைக் காணாமல் கவினுற எழுதுகிற வித்தையை உலகுக்குத் தந்தவர்கள் நாம்.

அரசும் கொஞ்சம் முயன்றது. 2022-ல் ஊஞ்சல், தேன்சிட்டு என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு இதழ்கள் வந்தன. பிள்ளைகளைப் பேசவிட்டு எழுதவைக்கிற ஆசிரியர்களையும் நான் அறிவேன். அவர்களைத்தான் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்து "சிலபஸ் முடிச்சிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள்.

காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வேறு வழி இருக்கிறது. மே மாதம் வந்தால் பிளெக்ஸ் முளைக்கும்: 'கிரியேட்டிவ் ரைட்டிங், ஐந்தே நாளில் உங்கள் குழந்தையும் எழுத்தாளர்!' முதல் நாள் உவமை, இரண்டாம் நாள் உருவகம், ஐந்தாம் நாள் புத்தக வெளியீடு. எட்டு வயதுப் பிள்ளை தத்துவம் பேசும். எழுதியது அம்மா, திருத்தியது பயிற்சியாளர், வாட்ஸ்அப்பில் அனுப்பியது அப்பா. பிள்ளைக்குப் போட்டோவில் நிற்கிற வேலை. அதே மே மாதத்தில்தான் தேவனாம்பட்டினத்தில் படகுகள் கட்டிக்கிடக்கின்றன. அங்கே ஐந்து நாள் எழுத்தாளர்களை யாரும் தேடவில்லை.

இது எந்த மண் என்று தெரிந்துதான் இந்தக் கூத்தா? 1906-ல் புதுமைப்பித்தன் பிறந்தது கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில். 1934-ல் ஜெயகாந்தன் பிறந்தது அதே கடலூரின் மஞ்சக்குப்பத்தில். பின்னவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, தெருவையும் மனிதர்களையும் படித்து, ஞானபீடம் வரை போனவர். இன்று பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அவருக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. பள்ளிக்குத் தப்பியவரைப் பிடித்துவந்து நெடுவினாவாக்கிவிட்டோம். அந்த வினாவுக்குச் சொந்தமாக யோசித்து ஒரு பிள்ளை விடை எழுதட்டும், பார்க்கலாம். சிவப்பு மை எதற்கு இருக்கிறது?

போட்டி நடந்த இதே சிதம்பரத்தில், தில்லைக் கோயில் அறையொன்றில் தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்தன என்பார்கள். பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்களாம். ராஜராஜன் மூவர் சிலைகளையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தித் திறக்கவைத்தபோது பாதியைச் செல் தின்றிருந்தது. அங்கே பாடியவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்; ஒரு சாக்கு இருந்தது. இங்கே எழுத வேண்டியவள் ரெட்டைச் சடையோடு என் எதிரில் நிற்கிறாள். நாமோ கோனார் உரை வந்து சாட்சி சொல்லட்டும் என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நடுவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் முழு மதிப்பெண் போட்டார்கள்: தெளிவான முன்னுரை, பிழையில்லாத சந்தி, பொருத்தமான மேற்கோள். கடல் அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். "அதுக்கு மார்க் ஸ்கீம்ல இடமில்லையே சார்" என்றார் ஒருவர், உண்மையான வருத்தத்தோடு. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளின் பெற்றோர் வாசலில் நின்றார்கள்.

முதல் பரிசு அவளுக்குத்தான். சான்றிதழில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.