எண்ணுறவியல்: கூட்டலினமும் பெருக்கலினமும்

இரண்டு அளவுகள் எப்போதும் சேர்ந்தே நடமாடினால் அவற்றுக்குள் உறவு உண்டென்று கொள்க. நடுநிலைப் பள்ளியின் எல்லைக்குள் அவ்வுறவு பெரும்பாலும் இரண்டே இனம்: கூட்டலினம், பெருக்கலினம். கலப்பினம் ஒன்றும் உண்டு. அது பாடநூலைவிடத் தெருவில்தான் அதிகம் திரியும் என்பதால் அதைக் கடைசியில் வைத்தோம்.

கூட்டலினத்தின் இலக்கணம் வித்தியாசம் மாறாமை. உதாரணம் அண்ணன் தம்பி வயது. தம்பிக்கு 4, அண்ணனுக்கு 12 என்றால் இடைவெளி 8. இருவரும் பல்லுப்போன கிழவர்களானாலும் அந்த எட்டில் ஒன்று குறையாது. "அண்ணனுக்கு மூன்று மடங்கு வயதாயிற்றே" என்று பெருக்கப் புகுந்தால், தம்பி 8 வயதில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கையில் அண்ணனுக்கு 24 ஆகி, வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

பெருக்கலினத்தின் இலக்கணம் மடங்கு மாறாமை. உதாரணம் இட்லி மாவு. 4 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து என்னும் வீட்டில், 8 டம்ளர் அரிசிக்கு உளுந்து 2. அரிசியில் நாலு கூடியதே என்று உளுந்திலும் நாலைக் கூட்டி 5 போடும் மாணவனும் உளன். அவன் அரைத்தது இட்லிக்கும் ஆகாது, வடைக்கும் ஆகாது, விடைத்தாளில் அரை மதிப்பெண்ணுக்கும் ஆகாது.

இவனைக் கற்பனை என்று தள்ள வேண்டாம். இவ்வகையினரைப் பிடிக்க ராபர்ட் கார்ப்ளஸ் என்னும் அமெரிக்க இயற்பியலார் 1970 வாக்கில் ஒரு பொறி வைத்தார். குட்டையர் உயரம் 4 பொத்தான், நெட்டையர் உயரம் 6 பொத்தான். குட்டையரையே காகிதக் கிளிப்பால் அளந்தால் 6 கிளிப். நெட்டையருக்கு எத்தனை? "இரண்டு கூடுதல், ஆகவே 8" என்றவர் கூட்டற்சாதியார். விடை 9.

மறுதலையான நோயும் உண்டு. அது வளர்ந்தவர்களைப் பிடிக்கும், பிடித்தால் லேசில் விடாது. ஒரே வேகத்தில் ஓடும் இரு பெண்களில் முன்னால் புறப்பட்டவள் 9 சுற்று முடித்தபோது பின்னவள் 3 சுற்று. பின்னவள் 15 முடிக்கையில் முன்னவள் எத்தனை? வேகம் ஒன்றே ஆதலால் ஆறு சுற்று வித்தியாசம் அப்படியே நிற்கும்; விடை 21. அமெரிக்காவில் ஆசிரியப் பயிற்சியிலிருந்த 33 பேரிடம் இதைக் கேட்டதில் 32 பேர் 45 என்றார்கள் என்று 1993-இல் வெளிவந்த ஆய்வு கூறும். மூன்று எண்ணைக் கொடுத்து நாலாவதைக் கேட்டாலே கை தானாகக் குறுக்குப் பெருக்கலுக்கு ஓடுகிறது. குற்றம் கையினது அன்று. ஓராண்டு முழுக்க அதே அச்சில் கணக்குக் கொடுத்துப் பழக்கியவர்களது என்பது எம் துணிபு.

அற்றேல், இனம் அறிவது எங்ஙனம்? ஒற்றை வரிசையைப் பார்த்து இனம் சொல்பவன் ஒரு விரலைப் பார்த்து ஜாதகம் சொல்பவனுக்கு ஒப்பாவான். 2-க்கு எதிரே 4 என்றிருந்தால் இரண்டைக் கூட்டினும் நாலு, இரண்டால் பெருக்கினும் நாலு. அடுத்த வரிசையில் 5-க்கு எதிரே 7 நிற்கிறதா, 10 நிற்கிறதா என்று பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும்.

காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ண ஒரு விதி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 50 முள்ளுக்கு 60 சுளை. இத்தோடு நிறுத்தினால் "பத்தைக் கூட்டு" என்றே தோன்றும். 100 முள்ளுக்கு வரும்போது 110 இல்லை, 120 என்று விதி தன் குலத்தைக் காட்டிவிடும். பழம் இவ்விதிக்குக் கட்டுப்படுமா என்பது வேறு வழக்கு. அதைப் பண்ணுருட்டிக்காரர்களிடம் விடுக.

இன்னும் ஐயம் நீங்காதார் சுழியை நுழைத்துப் பார்க்கலாம். முள் சுழியானால் சுளையும் சுழி. தம்பி பிறந்த அன்றோ அண்ணனுக்கு எட்டு வயது. கிராஃப் தாளில் பெருக்கலினக் கோடு ஆதிப்புள்ளி வழியே போகும். கூட்டலினக் கோடு அதை ஒதுங்கிப் போகும்.

இனிக் கலப்பினம். பெருக்கி, அதன்மேல் கூட்டுவது. செல்சியஸை 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டிப் பெறும் ஃபாரன்ஹீட் இக்குடியே. சென்னையில் 2013-இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணமும் இக்குடியே: முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அப்பால் கி.மீ.க்கு 12. அவ்விதிப்படி 3.8 கி.மீ.க்கு 49 ரூபாய். தூரம் இரட்டித்து 7.6 ஆனால் 98 அன்று, 94 ரூபாய் 60 காசு. இது மீட்டர் போட்ட ஆட்டோவுக்கு மட்டும். மீட்டர் போடாத ஆட்டோ மேற்கூறிய எவ்வினத்திலும் அடங்காது. அதன் கட்டணத்தை மழை, இரவு, பயணியின் கையிலுள்ள பெட்டி ஆகியவற்றால் உய்த்துணர்க.