ஈட்டி, ஊசி, முப்பது வெள்ளி

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், லேடாங் மலையின் அடிவாரத்தில் அமைந்த தங்காக், வரிசை வரிசையான துணிக்கடைகளால் பெயர்பெற்ற ஊராதலால், சுயதொழிலருக்கும் தொழில்முனைவருக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வதற்கு அதைவிடப் பொருத்தமான களம் அரிது; துணியை மீட்டர் கணக்கில் வாங்கிக்கொண்டு ஒருவர் வெளியே வந்ததுமே, அதைத் தைப்பவர் யார் என்னும் கேள்வி குடும்பப் பிரச்சினையாகவே எழுந்துவிடுகிறது.

சுயதொழிலர் எனப்படுபவர், எந்த முதலாளிக்கும் கட்டுப்படாமல், தம் கைத்திறனை ‘உருப்படிக்கு இவ்வளவு’ என்று விற்பவர். இவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பரப்பியது வால்டர் ஸ்காட் 1819-இல் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ நாவல்; அங்கே அது கூலிக்குப் போரிடும் ஈட்டி வீரரைச் சுட்டியது. தங்காக்கில் ஈட்டி சிறுத்து ஊசியாகிவிட்டது. எனினும் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் அதை ஏந்தியவர் முன் வாடிக்கையாளர்கள் காட்டும் பணிவைக் கண்டால், ஆயுதம் சிறுத்த அளவுக்கு அதிகாரம் சிறுத்ததாகத் தெரியவில்லை.

தொழில்முனைவரைப் பொருளியலுக்குள் அழைத்துவந்த ரிச்சர்ட் கான்டில்லன், தாம் இறந்து இருபதாண்டுகளுக்கும் மேலான பின்னர், 1755-இல் அச்சேறிய நூலில், தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவரே அவர் என்று வரையறுத்தார். பெருநாளுக்குப் பின்னும் அலமாரியில் உறங்கும் துணிச்சுருள்களை எண்ணிப் பெருமூச்சு விடும் கடைக்காரருக்கு இவ்வரையறை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. ஆனால் நிலையற்ற வருமானத்தில் வாழ்வோர் அனைவரையும், பிச்சைக்காரரையும் கொள்ளையரையும்கூட, கான்டில்லன் அதே பட்டியலில் சேர்த்துவிட்டதால், தையற்காரரும் தொழில்முனைவராகிவிடுகிறார். உடன் அமர்ந்திருப்போரைப் பார்த்து அவர் மகிழ்வாரா என்பது வேறு.

மலேசியச் சட்டமும் இவ்விருவரைப் பிரிப்பதில் பெரிதாக அக்கறை காட்டவில்லை. 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்கென ஒரு பெயர் சூட்டினால் 60 வெள்ளி. ஆக, தையற்காரர் ஒருவர் பலகை மாட்டிப் பெருமை கொள்வதற்கான விலை 30 வெள்ளிதான்.

உண்மையான எல்லைக்கோட்டை வரைவது காய்ச்சல். சுயதொழிலர் படுத்தால் தையல் இயந்திரமும் உடன் படுத்துவிடும். தொழில்முனைவரின் கடையிலோ ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க, ஒருவர் காஜா எடுக்க, முதலாளி நிம்மதியாகக் காய்ந்துகொண்டிருக்கலாம்; மாதக் கடைசியில் எல்லாருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டுத் தமக்கு மட்டும் இல்லாதபோதுதான் அந்த நிம்மதியின் வாடகை அவருக்குப் புரியும். மேலும், அவர் கையால் தைத்தது என்பதற்காகவே வந்தவர்கள், ‘கை மாறிப்போச்சு’ என்று முணுமுணுக்கவும் தொடங்குவர்.

இக்கட்டுரையாளரின் இரண்டரை மீட்டர் சட்டைத்துணி, ஒரு சுயதொழிலரிடம், சென்ற தீபாவளி முதல் ‘நாளைக்கு வாங்கண்ணே’ என்னும் நிலையில் இருக்கிறது.