பள்ளத்துக்கும் ஒரு செல்ஃபி பாயிண்ட் வேண்டி

அனுப்புநர்:
வீட்டு வரி பாக்கியில்லாத குடிமகன்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
நகரை அழகுபடுத்தும் மேன்மைமிகு அலுவலர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: சங்கனூர் பள்ளத்தின் கரைகளில் செல்ஃபி பாயிண்ட் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 ஊர்களில் ஒன்றாகக் கோவை தேர்வானதிலிருந்து இந்த ஊர்க் குளங்களுக்கு நல்ல காலம். உக்கடம் பெரியகுளக் கரையில் நடைபாதை, கலர் விளக்கு, ‘ஐ லவ் கோவை’ என்று ஆளுயர எழுத்து. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் கால் வைக்க இடமில்லை. வாலாங்குளத்துக்கும் அதே யோகம். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான். இந்தக் குளங்களுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, நிரம்பினால் எந்த வழியாகப் போகிறது என்கிற விவரம் தங்கள் கோப்பில் உண்டா?

இல்லாவிட்டால் பரவாயில்லை, சொல்கிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலைச் சித்திரைச்சாவடி முதலான அணைக்கட்டுகளில் மறித்து, வாய்க்காலில் திருப்பிக் குளத்துக்கு விட்டார்கள் அந்தக் காலத்து மனிதர்கள். ஒரு குளம் நிரம்பினால் மிச்சம் கலிங்கு தாண்டி அடுத்த குளத்துக்குப் போகும். வடமேற்கு மலையடிவாரத்து மழைத் தண்ணீரை ஊருக்குள் நிற்கவிடாமல் சிங்காநல்லூர் குளத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது சங்கனூர் பள்ளத்தின் வேலை. இதையெல்லாம் செய்தவர்களிடம் ட்ரோன் இல்லை, ஆலோசனை நிறுவனமும் இல்லை. மேற்கே மேடு, கிழக்கே தாழ்வு என்பது மட்டும் தெரிந்திருந்தது.

நாம் என்ன செய்தோம்? வாயையும் வயிற்றையும் தைத்துவிட்டு முகத்துக்குப் பவுடர் பூசியது போல, வரத்து வாய்க்காலை மறந்துவிட்டுக் குளத்தங்கரையில் கிரானைட் பதித்தோம்.

ரத்தினபுரிப் பக்கம் பள்ளத்தின் மேல் உள்ள ஏதாவது ஒரு சிறுபாலத்தின் அடியில் தாங்கள் ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும். பாலத்தின் ஒரு கண்ணில் பழைய மெத்தை. இன்னொன்றில் கோழிக்கடை மூட்டை, இளநீர் மட்டை, தெர்மாகோல். மீதமிருக்கும் சந்து வழியாகத்தான் மலையடிவாரத்து மழை முழுவதும் போயாக வேண்டும். மழையில்லாத நாளில் ஓடுவது சாக்கடை. இந்தப் பள்ளத்தின் கரையில்தான் 2025 ஜனவரியில், தடுப்புச் சுவர் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, ஒரு வீடு அப்படியே சரிந்து விழுந்தது. அந்தக் காட்சியை ஊரே கைபேசியில் பார்த்தது. இந்தப் பள்ளத்துக்கு இதுவரை கிடைத்த பெரிய விளம்பரம் அதுதான்.

சுரங்கப்பாதைகள் விஷயத்தில் தங்கள் பொறுமையையும் பாராட்ட வேண்டும். இந்த ஊரில் ஆண்டு முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். சென்னைக்குக் கிடைப்பதில் பாதி. ஆனாலும் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், லங்கா கார்னரும் கிக்கானி பள்ளிப் பாலமும் அவிநாசி சாலைப் பாலத்தின் அடியும் நிரம்பிவிடுகின்றன. 2024 அக்டோபரில் சிவானந்தா காலனி ரயில் பாலத்தின் கீழ் ஒரு தனியார் பேருந்தே தண்ணீரில் மாட்டி நின்றது. உடனே மோட்டார் வருகிறது, தண்ணீரை உறிஞ்சி மேலே உள்ள வடிகாலில் விடுகிறது. அந்த வடிகால் ஏற்கெனவே நிரம்பி வழிவதால், தண்ணீர் ரோட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்புகிறது. டீசல் செலவு மட்டும் எங்கும் திரும்புவதில்லை.

காரணம் கேட்டால் ‘எதிர்பாராத மழை’ என்கிறார்கள். வருஷா வருஷம் ஐப்பசியில் வருவதை எப்படி ஐயா எதிர்பார்க்காமல் இருக்க முடிகிறது? பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டு உயர்த்தியது மழையா? மழைநீர் வடிகாலில் கழிவுநீர்க் குழாயைச் சொருகியது மழையா? வாய்க்கால் புறம்போக்கில் கட்டிய கட்டடத்துக்கு மின் இணைப்பும் வரி ரசீதும் கொடுத்தது மழையா? அகற்றும் நாள் வந்தால் மட்டும், கரையோரத்தில் தகரக் கூரை போட்டிருக்கிற ஏழைதான் ‘ஆக்கிரமிப்பாளர்’. வாய்க்காலை மூடி மேலே வண்டி நிறுத்துமிடம் வைத்திருக்கும் மாடிக் கட்டடத்துக்கு அந்தப் பட்டம் கிடைப்பதில்லை.

ஆராய்ந்து பார்த்ததில் ஒன்று விளங்குகிறது. போட்டோ எடுக்க முடிகிற இடத்துக்குத்தான் இந்த ஊரில் நிதி போகிறது. தூர்வாரிய வாய்க்காலின் முன்னால் நின்று ரிப்பன் வெட்ட முடியாது. அடுத்த மழையில் தண்ணீர் நிற்காமல் போனால் அதற்குக் கல்வெட்டும் கிடையாது.

ஆகவே, பள்ளத்தின் ஒவ்வொரு பாலத்திலும் ஒரு செல்ஃபி பாயிண்ட் வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ‘ஐ லவ் சங்கனூர் பள்ளம்’ என்று எழுதுங்கள். திறப்பு விழாவுக்கு முக்கியஸ்தர்கள் வருவார்கள். நாற்றம் தாங்காமல் அந்த ஒரு நாளுக்காவது மெத்தையை எடுக்கச் சொல்வார்கள்.

அதற்கு நிதி இல்லையென்றால் சிக்கனமான மாற்று வழியும் உண்டு. சித்திரை, வைகாசியில் வாய்க்கால்களில் மண்வெட்டி இறக்குவது சுலபம். அப்போதே தூர்வாரி, வாரிய மண்ணைக் கரையிலேயே குவிக்காமல் லாரியில் ஏற்றிவிடுங்கள். பாலங்களின் கண்களைத் திறந்துவிடுங்கள். குளத்துக்குக் குளம் இணைப்பை அளந்து, பெரிய கட்டடம், சின்ன வீடு என்று பாராமல் கல் நடுங்கள். அகற்றப்படுகிறவர்களுக்கு முதலில் வீடு கொடுங்கள். மழை வந்தபின் மோட்டாரோடு வருவதைவிட இதற்குச் செலவு குறைவு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரி கட்டுகிறவன்.