ஆக்லாந்துத் தமிழர் ஆங்கில வினை முடிக்கும் முறை

ஆங்கிலத்தில் ஒழுங்கு வினைக்கு உருவம் நான்கே: வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட். இந்த நான்கை வைத்துக்கொண்டு பன்னிரண்டு காலங்களையும் ஒப்பேற்ற நம் பள்ளிகளில் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்துத் தமிழரோ நான்கில் மூன்றைத் தலைமுழுகிவிட்டு, மிச்சமுள்ள ஒன்றிலேயே குடும்பம் நடத்துகிறார்கள். அம்முறையை உணர்த்துதல் நுதலிற்று இக்கட்டுரை.

தரவுகள் சாண்ட்ரிங்காம் சாலையின் மளிகைக் கடைகளிலும், பேருந்துகளிலும், கோயில் பந்தியிலும் ஒட்டுக்கேட்டுத் திரட்டப்பட்டவை. ஒட்டுக்கேட்டல் குற்றமன்றோ எனின், அன்று. களப்பணி எனப் பெயரிட்டால் ஆய்வாகும் என்க. கண்ட உண்மையை நூற்பாவாகத் தருவோம்:

ஆங்கில வினையெலாம் அசையாப் பகுதியாய்ப்
பாங்குறப் பண்ணொடு பயின்று வருமே.

உரை: ஆக்லாந்துப் பேருந்தில் ஏறும்போது ஹாப் என்னும் பயண அட்டையைக் கருவியில் காட்டுவது டேக் ஆன்; இறங்கும்போது காட்டுவது டேக் ஆஃப். மறந்தால் காசு கூடுதலாகப் போகும். ஆகவே நாள் முழுக்க ஊரில் இந்த வினைதான் புழங்குகிறது. டேக் ஆன் பண்ணினேன், பண்றேன், பண்ணுவேன், பண்ணியாச்சா, பண்ணித் தொலை. பவணந்தியார் நன்னூலில் சொன்ன பகுபத உறுப்புகள் ஆறு. 'பண்ணினேன்' என்பதில் பண்ணு பகுதி, இன் இறந்தகால இடைநிலை, ஏன் தன்மை ஒருமை விகுதி. டேக் ஆன் எந்த உறுப்பிலும் சேராமல், சன்னலோரப் பயணியைப் போலச் சும்மா உட்கார்ந்து வருகிறது.

'டேக் ஆன்' என்பதிலேயே 'ஆன்' என்னும் ஆண்பால் விகுதி இருக்கிறதே, அதுவே வினைமுற்று ஆகாதோ எனின், ஆகாது. பெண்கள் 'டேக் ஆள்' என்பதில்லை ஆதலின்.

இம்முறையால் விளையும் பயன் பெரிது. ட்ரைவ், ட்ரோவ், ட்ரிவன் என்று முரண்டு பிடிக்கும் வினையும் 'ட்ரைவ் பண்ணினேன்' என்றதும் அடங்கிவிடுகிறது. ஒழுங்கு வினை, ஒழுங்கற்ற வினை என்ற சாதிப் பாகுபாடே ஒழிந்தது. -எட் என்னும் இறந்தகால விகுதியின் உயிரெழுத்தைக் கவிஞர்கள் விழுங்குகிறார்கள் என்று 1712இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் கொதித்தெழுந்தார். இங்கே விகுதி முழுவதுமே விழுங்கப்படுகிறது, ஏப்பம்கூடக் கேட்பதில்லை.

இனிப் புறனடை. எல்லா வினையும் பண்ணு ஏற்குமோ எனின், ஏலாது. சில ஆகு ஏற்கும். வேறுபாடு யாதெனின், பழி. காருக்குரிய வாரண்ட் சான்றிதழ் காலாவதியானால் 'எக்ஸ்பயர் ஆயிடுச்சு'. கணவர் வாய்திறந்தால் அவ்வளவுதான் வரும். மனைவி அதையே 'நீங்க ரினியூ பண்ணலை' என்பார். நிகழ்ச்சி ஒன்றே. குற்றவாளி தானெனில் ஆகு, பிறரெனில் பண்ணு. ஆங்கிலத்தின் செயப்பாட்டு வினை இந்த வேலையைச் செய்ய எத்தனை சொல் செலவழிக்கிறது என்பதை ஒப்புநோக்குக.

யாழ்ப்பாணத்தார் வழக்கு தனி. 'நான்தான் பார்க் பண்ணினனான்' என்று ஓர் அக்கா சொன்னால், தமிழ்நாட்டுக்காரர் அந்த 'அவன்' யாரென்று சுற்றுமுற்றும் பார்ப்பார். அவன் எவனுமில்லை; அக்கா தாமே செய்ததை அழுத்திச் சொல்கிறார். அவ்வடிவம் தன்மைக்கும் வரும், பெண்ணுக்கும் வரும் என அறிக.

இவ்வாறு அயல்மொழி வினையை அசைக்காமல் வைப்பது வந்தேறிகளின் சோம்பல் என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. 1987இல் நியூசிலாந்தின் ஆட்சிமொழியான மாவோரியைப் பார்க்க. 'மாஹி' என்றால் வேலை செய்தல். 'கெய் தே மாஹி' நிகழ்காலம், 'இ மாஹி' இறந்தகாலம். காலத்தைச் சுமப்பது முன்னால் நிற்கும் இடைச்சொல், வினை கலங்குவதில்லை. மாவோரியில் முன்னால் நிற்பது தமிழில் பின்னால் நிற்கிறது. ஆகவே நம்மவர் அறியாமலே ஊரோடு ஒத்து வாழ்கிறார்கள்.

அப்படியானால் கழித்துக்கட்டிய -இங், -எட் முதலியவை என்னவாயின? வீட்டுப் பிள்ளைகளிடம் கிடைத்தன. 'ஐயாம் சாப்பிடிங்', 'ஹீ கிள்ளட் மீ' என்பன அவர்கள் வழக்கு. பெற்றோர் ஆங்கிலப் பகுதியை எடுத்துத் தமிழ் விகுதி கொடுத்தனர். பிள்ளைகள் தமிழ்ப் பகுதியை எடுத்து ஆங்கில விகுதி கொடுத்தனர்.

முடிவுரையாக ஒரு சான்று. 'ஃபினிஷ் பண்ணிட்டியா?' என்று அடுக்களையிலிருந்து தாய் கேட்கிறாள். 'ஐயாம் சாப்பிடிங்' என்கிறது பிள்ளை. இரண்டையும் கூட்டினால் ஒரு முழு ஆங்கில வினையும் ஒரு முழுத் தமிழ் வினையும் குறைவின்றித் தேறும். வெளிநாட்டில் தமிழ் தேய்கிறது என்று கவலைப்படுவோர், தாயையும் பிள்ளையையும் தனித்தனியே தணிக்கை செய்யாமல் குடும்பக் கணக்காகப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் பரிந்துரை.